சொத்தை விழாத பற்கள்

என் வாயிலிருந்து போன பற்களில் ஒன்றில்கூடச் சொத்தை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வயதில் பொக்கை வாயாகிப்போன பெண்ணைப் பார்த்தால் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "என்னா, ரொம்ப இனிப்பு தின்னியா?" ஜப்பான்காரன் காலத்தில் இனிப்பு! மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, தொட்டுக்கொள்ள உப்புக்கூட இல்லாமல் விழுங்கிய காலத்தில் சீனிக்கு நான் எங்கே போவேன்? கேட்டவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. இப்போது சொல்கிறேன்.

என் பல்லால்தான் எனக்குக் கல்யாணமே ஆனது. கெடாவில் பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் அம்மாவோடு மரத்தைக் கீறிப் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து டிவிஷனிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்தவர், நான் யாரையோ கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்குப் போய்த் தன் அம்மாவிடம், "பல்லு வரிசையா இருக்குற புள்ள" என்று அடையாளம் சொல்லியிருக்கிறார். பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார் ஏதோ சாக்குச் சொல்லி என்னைச் சிரிக்கவைத்து உற்றுப் பார்த்தாள். மாடு வாங்குகிறவன்கூட அதைவிட நாசூக்காகப் பார்ப்பான். கல்யாணம் முடிந்து தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் அவர்களோடு நான் குடியேறிச் சில மாதம் ஆவதற்குள் ஜப்பான்காரன் சண்டை வந்துவிட்டது.

வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டான். பால் வெட்டு நின்றுபோனது. மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி போடச் சொன்னார்கள், ஆமணக்குப் போடச் சொன்னார்கள். யார் சொன்னாலும் மண்ணைக் கொத்துகிறவர்கள் நாங்கள்தான், அதில் ஒரு மாற்றமும் இல்லை. மாறியது ஒன்று, பயம். டவுனில் பெண்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று செய்தி வந்தது. சுங்கைப்பட்டாணியில் பெண்கள் முடியை வெட்டிக்கொண்டு சிலுவார் போட்டு ஆண்பிள்ளை மாதிரி திரிகிறார்கள் என்றார்கள். எங்கள் லயத்தில் குமரிகளின் முகத்தில் சட்டிக்கரியைப் பூசினார்கள். மஞ்சள் தேய்த்துக் குளிப்பது நின்றது. ஜப்பான்காரன் சுத்தக்காரன், அழுக்கைக் கண்டால் கிட்டே வரமாட்டான் என்று யாரோ ஒரு புத்திசாலி சொல்லி வைத்திருந்தான்.

பிறகு ஆள் பிடிக்க வந்தார்கள். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போன ஆண்களை அப்படியே லோரியில் ஏறச் சொல்லிவிட்டார்கள். சயாமில் ரயில் ரோடு போடுகிற வேலை, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், அரிசி தருவார்கள் என்று கங்காணி கூவிக்கொண்டிருந்தார். நான் என் வீட்டுக்காரருடைய கம்பளியையும் தகரக் குவளையையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். பின்னால் என் மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

லோரியிலிருந்து குனிந்து அவர் கம்பளியை வாங்கவில்லை. என் தாடையைப் பிடித்தார். அத்தனை பேர் பார்க்க அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "நான் வர்ற வரைக்கும் பல்லு வெளக்காத" என்றார். "வெத்தலயப் போட்டுக் கறையாக்கிக்க. வாய் நாறணும். இந்தப் பல்லப் பாத்தா ஒருத்தனும் சும்மா விடமாட்டான். எனக்குச் சத்தியம் பண்ணு."

"சத்தியம்" என்றேன். அவர் கை மேல் கையை வைத்துத்தான் சொன்னேன். லோரி கிளம்பிவிட்டது. கம்பளி என் தோளிலேயே கிடந்தது.

இதை என் மாமியார் பக்கத்தில் நின்று கேட்டாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். நீங்களும் இதை மறந்துவிட வேண்டாம்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் அடுப்புக்கரியைப் பொடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். பழக்கதோஷம்தான். மாமியார் கையைத் தட்டிவிட்டாள். "என்னாடி பண்ற? எம்மவன் உசுரு ஒன் வாயிலதான் இருக்கு." அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் அவள் முன்னால் போய் நிற்க வேண்டும். "ஆ காட்டு" என்பாள். மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்ப்பாள். நாற்றம் போதவில்லை என்றால் வெற்றிலையோடு இன்னும் ஒரு துண்டு புகையிலை சேர்த்துக் கொடுப்பாள். கொப்பளிக்கவும் விடமாட்டாள். தண்ணீரைக் குடித்து விழுங்கிவிட வேண்டும்.

முதலில் எனக்கு அருவருப்பாக இருந்தது. நாக்கை எங்கே வைத்தாலும் வழவழவென்று ஒரு பாசி. பல்லை நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி வரும். கொஞ்ச நாளில் அந்த மாவு வருவது நின்றது. இறுகிக் கல்லாகிவிட்டது. சுண்ணாம்பும் எச்சிலும் வெற்றிலைச் சாறும் சேர்ந்து, பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் காரை பூசின மாதிரி ஒரு விளிம்பு கட்டியது. கறுப்பும் பழுப்புமாக இருக்கும். நகம் அதில் இறங்காது. எனக்கு ஒரு பைத்தியக்காரத் திருப்தி. பார், எவ்வளவு ஒழுங்காகச் சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று. பதிவிரதை பட்டம் வாங்க அப்போது எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

ஈறில் ரத்தம் வர ஆரம்பித்தது. கிழங்கைக் கடித்தால் கிழங்கில் சிவப்பு ஒட்டும். காலையில் எழுந்தால் தலைக்கு வைத்த துணியில் ஒரு பொட்டு இருக்கும். வலி இல்லை. வலித்திருந்தால் ஒருவேளை விழித்துக்கொண்டிருப்பேன். ஈறு உப்பிக் கத்திரிக்காய் நிறத்துக்கு மாறியது, அமுக்கினால் மெத்தென்றிருந்தது. அப்போதும் பல் கெட்டியாகத்தான் இருந்தது. வெளியே தெரிகிற பல்தான் பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கீழே நடக்கிற வேலை எனக்கு எப்படித் தெரியும்?

ஜப்பான்காரர்கள் லயத்துக்கு வந்தார்கள், வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஒரு மத்தியானம் நாலைந்து பேர் வந்து கோழிக்கூடுகளைத் திறந்தார்கள். ஒருவன் எங்கள் குசினிக்குள் வந்துவிட்டான். சின்னப் பையன் முகம். மாமியார் பின்னால் நின்று, "வாயத் தொறடி, வாயத் தொறடி" என்று முனகினாள். நான் திறந்தேன். அவன் கிட்டே வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான். சிரித்தபோதுதான் கண்டேன், அவன் ஈறும் என் ஈறு மாதிரியே சிவந்து உப்பியிருந்தது. வாடையும் அதே வாடை. என் நாற்றம் அவனை எப்படி விரட்டும்? அவனுக்கு அது சொந்த வீட்டு வாடை. மூலையில் கட்டிப்போட்டிருந்த சேவலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

என் வாய்தான் என்னைக் காப்பாற்றியது என்று மாமியார் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். என்னைக் கேட்டால் சேவல் காப்பாற்றியது என்பேன்.

மூன்று மாதம் என்றது ஒரு வருஷத்தைத் தாண்டியது. சயாமிலிருந்து ஒரு தகவலும் இல்லை. இதற்கிடையில் எங்கள் கெடாவையே ஜப்பான்காரன் சயாம்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான் என்றார்கள். யாருக்கு யார் கொடுத்தாலும் எங்கள் ஆண்கள் வரவில்லை. லயத்தில் பாதிப் பெண்கள் ஏதாவது ஒரு நேர்த்தி வைத்திருந்தார்கள். ஒருத்தி பூ வைக்கமாட்டாள். ஒருத்தி பாயில் படுக்கமாட்டாள். அடுத்த வீட்டு அக்கா தலை சீவுவதில்லை என்று மாரியம்மனுக்கு வேண்டியிருந்தாள். என்னுடையதும் அப்படியே நேர்த்தியாக மாறிவிட்டது. யாரும் என்னைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த சத்தியம், அவர் உயிரோடு வர வேண்டும் என்பதற்கான விரதமாகிவிட்டது. எப்போது மாறியது என்று எனக்கே தெரியவில்லை. நான் பல் விளக்கினால் அவர் செத்துப்போவார். அவ்வளவுதான் கணக்கு. சிரிக்காதீர்கள். அந்த லயத்தில் இருந்திருந்தால் நீங்களும் அதைத்தான் நம்பியிருப்பீர்கள்.

ஒரு பக்கக் கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்து படுத்தபோதுதான் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து தீர்ந்துபோன ஆஸ்பத்திரி. டிரெசர் ஒருவர்தான் மிச்சம் இருந்தார். கட்டுப் போடுவதிலிருந்து பிரசவம் வரை அவர்தான் பார்ப்பார். என் வாயைத் திறந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கட்டைவிரலால் ஈறை அமுக்கினார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலிருந்து மஞ்சளாகச் சீழ் வந்தது. சுவரில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "பாரு."

பல நாள் கழித்து என் பல்லைப் பார்த்தேன். நீண்டு போயிருந்தது. பல் வளர்ந்துவிட்டதோ என்று கேட்டேன். அந்த மனிதருக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

"பல்லு எங்க வளரும்? ஈறு எறங்கியிருக்கு. இந்த மஞ்சளா தெரியுது பாரு, அது வேரு. வெளிய தெரியவே கூடாது. இந்தக் காரை இருக்குல்ல, இது மேல மட்டும் இல்ல, ஈறுக்கு உள்ள எறங்கி வேரு மேல ஒட்டிக்கிட்டிருக்கு. அதுனால ஈறு வேர விட்டுப் பிரிஞ்சு பை மாதிரி தொங்குது. அந்தப் பையில அழுக்கு, சீழ். வேரப் புடிச்சிக்கிட்டிருக்கிற எலும்பு கரைஞ்சுகிட்டே போவுது. பச்சத் தண்ணி பட்டாக் கூசுதா?"

கூசியது. கிணற்றுத் தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரை சுரீரென்று ஏறும். அது வேர் நனைகிற கூச்சம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னதை நான் என் பாஷையில் புரிந்துகொண்டேன். எங்கள் மேட்டு நிரையில் மழை மண்ணை அரித்துப் பால் மரத்தின் வேர் வெளியே தெரியும். மேலே இலை பச்சையாகத்தான் இருக்கும், பாலும் வரும். ஒரு காற்று அடித்தால் மரம் அப்படியே சாய்ந்துவிடும்.

"உப்புத் தண்ணியில கொப்பளி. காலையில ராத்திரியில நல்லா வெளக்கு. ரத்தம் வந்தாலும் வெளக்கு. ரத்தம் வருதுன்னு விட்டுட்டா இன்னும் வரும். கரைஞ்ச எலும்பு திரும்பி வராதும்மா, இருக்கிறதையாவது காப்பாத்திக்க" என்றார். முள் மாதிரி ஒரு இரும்பை எடுத்துக் காரையைச் சுரண்டவும் வந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். சத்தியத்தைச் சொன்னேன்.

அவர் இரும்பைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "உம்புருசன் வர்றப்ப உனக்கு வாய்ல பல்லு இருக்காது" என்றார்.

"அவரு வருவாருன்னு நிச்சயமாச் சொல்லுங்க ஐயா. இப்பவே, இங்கயே வெளக்குறேன்" என்றேன்.

அவர் இரும்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். சயாமில் என்ன நடக்கிறது என்று எங்களைவிட அவருக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது போல. என் வாயைத் துடைக்க ஒரு பழந்துணியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஆனாலும் அவர் பேச்சு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்திருந்தது. நாக்கால் தள்ளினால் பல் அசைந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒருநாள் காட்டு வேலைக்குப் போகும்போது கரித்தூளை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். ஆற்றோரம் குந்தி, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு விரலால் தேய்த்தேன். வாய் நிறைய ரத்தம். துப்பினால் தண்ணீர் சிவந்து ஓடியது. அந்த ரத்தத்திலும் வாய் சுத்தமான மாதிரி ஒரு சுகம் இருந்தது. அன்றைக்கு நன்றாக மூச்சு விட்டேன். இரண்டு மூன்று நாள் அப்படித் தேய்த்தேன். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு மாமியாரை ஏய்த்தேன்.

அந்த வாரமே சயாமிலிருந்து தப்பி வந்த ஒரு ஆள் எங்கள் லயத்துக்கு வந்துவிட்டான். எலும்புக்கூடு. அடுத்த வீட்டு அக்காவின் புருஷன் வாந்திபேதியில் போய்விட்டான் என்றான். எங்கள் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டதற்கு, வேறு கொட்டாய்க்கு மாற்றிவிட்டார்கள், அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்றான்.

அடுத்த வீட்டு அக்கா பேன் தாங்கமுடியாமல் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் எண்ணெய் வைத்துத் தலை சீவியிருந்தாள். லயத்துப் பெண்கள் சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டே அதைப் பேசினார்கள். அவள் காதில் விழும்படி பேசினார்கள். "பாத்தியா" என்று என் மாமியார் என் தொடையைக் கிள்ளினாள். அந்த அக்கா சீப்பை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு அழுதாள். வாந்திபேதிக்கும் சீப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை. ஆற்றில் துப்பிய ரத்தம்தான் கண்முன்னே நின்றது. முந்தானையில் மிச்சமிருந்த கரித்தூளை உதறிவிட்டேன். அதன்பிறகு விரலைக்கூட வாயில் வைக்கவில்லை.

முதல் பல் வெந்த கிழங்கில் போனது. கல்லைக் கடித்து உடையவில்லை, அடிபட்டு விழவில்லை. மரவள்ளியைக் கடித்துக் கையை இழுத்தேன், பல் கிழங்கோடு வந்துவிட்டது. வலியே இல்லை. எடுத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்த மேல்பாகம் கொஞ்சம்தான். அதைவிட நீளமாக வேர், அதன் நுனி வரைக்கும் அந்தக் கறுப்புக் காரை. வேர் முழுசாக இருந்தது, ஓட்டை இல்லை, பிளவு இல்லை. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். மாமியார் பார்த்துவிட்டு, "ஒரு பல்லுதான, போவுது" என்றாள். அவளும் பிறந்ததிலிருந்து வெற்றிலை போடுகிறவள். அவள் பல்லைக் கொண்டு தேங்காய் உரிக்கலாம். எல்லார் ஈறும் ஒன்று இல்லை, சில குடும்பத்து ஈறு சீக்கிரம் விட்டுவிடும் என்று டிரெசர் பிறகு சொன்னார். என் அம்மாவுக்கும் நாற்பதுக்குள் பல் போய்விட்டிருந்தது. இதில்கூட எனக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று வயிறு எரிந்தது.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். சயாமுக்குப் போனவர்களில் பிழைத்தவர்களை ரயிலிலும் லோரியிலும் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒருநாள் சாயங்காலம் பீடோங் போகிற சடக்கிலிருந்து ஒரு ஆள் கோலை ஊன்றிக்கொண்டு லயத்துக்குள் வந்தார். அவர்தான். காலில் பெரிய புண், கண் உள்ளே போயிருந்தது. பல் மட்டும் அப்படியே இருந்தது. அவர் அங்கே தினமும் வேப்பங்குச்சியோ மூங்கில் குச்சியோ எதையாவது மென்று விளக்கிக்கொண்டிருந்தாராம். பிறகு அவரே பெருமையாகச் சொன்னார்.

உயிரோடு வந்துவிட்டார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தைப் பொய் என்று சொல்லமாட்டேன். சாமி, என் பல்லை எடுத்துக்கொண்டு இவரைக் கொடுத்துவிட்டாய் என்று மனசுக்குள் கும்பிட்டேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் முந்தானையை விலக்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னாடி இது, பொணம் மாதிரி நாறுது?"

பையிலிருந்து ஒரு தகர டின்னை எடுத்தார். வெள்ளைக்காரப் பட்டாளத்தில் கொடுத்த பல்பொடி, இளஞ்சிவப்பு நிறம். எனக்காகத்தான் பத்திரப்படுத்திக் கொண்டுவந்திருந்தார். அதை என்னிடம் நீட்டி, "பல்லு வெளக்குறதே இல்லயா நீ?" என்று கேட்டார்.

"நீங்கதான வெளக்காதன்னு சொன்னீங்க" என்றேன்.

"நானா? நான் எப்ப சொன்னேன்?"

விளையாடவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், உண்மையாகவே தெரியவில்லை. லோரியில் ஏறும்போது பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். பிறகு அவர் பார்த்த சாவுகளில் அது எங்கேயோ புதைந்துபோயிருக்கிறது. நியாயமாகப் பேச வேண்டும் என்றால், அந்த நரகத்துக்குப் போய்வந்த மனிதன் ஒரு பேச்சை மறந்ததைக் குற்றம் என்று சொல்ல முடியாது. நான் நியாயமாகப் பேச விரும்பவில்லை. என் பல்லைக் கேட்டவர் அவர். கேட்டதையாவது ஞாபகம் வைத்திருக்கக் கூடாதா?

நான் மாமியாரைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் என் வாயை மோந்து பார்த்தவள். சொல்லுங்கள் அத்தை, லோரி பக்கத்தில் நீங்களும்தானே நின்றீர்கள் என்று கேட்டேன்.

அவள் மகனைப் பார்த்தாள். மகன் முகம் சுளித்து நிற்பதைப் பார்த்தாள். அவன் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"அவன் எங்க சொன்னான்? எந்த ஆம்பளயாவது பொண்டாட்டியப் பல்லு வெளக்காதன்னு சொல்லுவானா? இவளாத்தான் சோம்பேறித்தனமா கெடந்தா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

டின்னை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். 

அந்தப் பல்பொடியைப் போட்டு விளக்கினேன். ஒவ்வொரு நாளும் ஒன்று கையோடு வந்தது. கடைசியில் டிரெசரிடமே போனேன். அவர், நான்தான் அன்றே சொன்னேனே என்று சொல்லவில்லை. அதற்காக அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். மிச்சமிருந்தவற்றைக் குறடு போட்டுப் பிடுங்க வேண்டியிருக்கவில்லை, விரலாலேயே எடுத்துவிட்டார். எடுத்தவற்றைத் தட்டில் போட்டுக் கழுவிக் காட்டினார். "பாரு, ஒண்ணுலகூடச் சொத்தை இல்ல. எல்லாம் நல்ல பல்லு" என்றார்.  அவற்றை நான் வாங்கிக்கொண்டேன். பல்பொடி தீர்ந்துபோயிருந்தது. அந்த டின்னில் போட்டு மூடினேன்.

பல வருஷம் கழித்து, கையில் கொஞ்சம் தெம்பு வந்தபோது, பீடோங்கில் பல் செட்டுக் கட்டுகிற சீனரிடம் போனேன். அவர் என் ஈறில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "துலாங் சூடா ஹாபிஸ்" என்றார். எலும்பு தீர்ந்துவிட்டதாம். பல்லோடு சேர்ந்து அது நின்ற மேடும் போய்விட்டது, செட்டைப் போட்டால் உட்கார இடம் இல்லை. கட்டித்தான் கொடுத்தார். பேசினால் நழுவும், தின்றால் உள்ளே சிராய்க்கும். பெட்டியில்தான் கிடக்கிறது.

அவரோடு அதற்குப்பிறகும் வாழ்ந்தேன். வேறு எங்கே போவது? பிள்ளைகள் பிறந்தன. அவர் கெட்டவர் இல்லை, குடிக்கவில்லை, கை நீட்டவில்லை. ஆனால் என் முகத்துக்கு நேராகப் பேசுவதை அன்றோடு விட்டுவிட்டார். பேசும்போது என் தோளைப் பார்ப்பார், கதவைப் பார்ப்பார். கல்யாணம் காட்சி என்று சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், "அவளுக்கு முடியல, வரல" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போவார். எப்போதாவது சண்டை முற்றி நான் பழைய கதையை எடுத்தால், "நான் எப்ப சொன்னேன்?" என்பார்.  அலமாரியிலிருந்து டின்னை எடுத்துக் குலுக்குவேன். பிள்ளைகள் அதை ஏதோ விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக் கேட்டு அழுவார்கள். அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

மாமியார் பல்லோடுதான் செத்தாள். கடைசி நாள்களில் ஒருதரம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கஞ்சியை ஊட்டி வாயை அடைத்துவிட்டேன். எனக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்ட அன்று அவள் சொல்லவில்லை.

அவர் போனது அதற்கும் வெகு காலம் கழித்து. காலையில் எழுந்திருக்கவே இல்லை. குளிப்பாட்டி உட்காரவைத்தபோது வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அத்தனை பல்லும் இருந்தது, தேய்ந்து, மஞ்சளாகி, வரிசை கலையாமல். ஈறு இளஞ்சிவப்பாக, ஒவ்வொரு பல்லையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஏதோ இப்போதுதான் பேச ஆரம்பிக்கப் போகிற மாதிரி இருந்தது. என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

தாடையைக் கட்ட வெள்ளைத் துணி கிழித்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் யாராவது கட்டட்டும் என்றார்கள். நான்தான் வாங்கினேன். லோரியிலிருந்து குனிந்து அவர் என் தாடையைப் பிடித்த மாதிரியே, நான் அவர் தாடையைப் பிடித்து மேலே அழுத்தினேன். பல்லோடு பல் சேர்ந்தது. துணியைச் சுற்றி உச்சியில் முடிச்சுப் போட்டேன். முகம் கோணுகிறது, கொஞ்சம் தளர்த்து என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

நான் தளர்த்தவில்லை.